பொத்தை ஏறுற நாளுக்குக் கட்டுச்சோறா, பாக்கெட்டா?

வள்ளியூரான்

வள்ளியூர், பணகுடி பக்கத்துப் பொத்தைகள்ல, அதான் பாறைக் குன்றுகள்ல, கயிறு கட்டி ஏறுறவங்க மத்தியில இந்த வாதம் ஓடிக்கிட்டே இருக்கு. இங்க வச்சுப் பேசிருவோம். காலை 6 மணிக்கு ஏற ஆரம்பிக்கிறது, 11-க்கு நிழலுக்கு ஒதுங்குறது, 3:30-க்கு மறுபடி ஏறி 5:30-க்கு இறங்குறதுன்னு வச்சுக்கோங்க. ஆள் நாலு பேர். பக்கத்துல கடை இல்ல, குழாய் இல்ல.

என் கட்சி: விடியக்காலம் பழைய சோறு, ஏறும்போது கொஞ்சம் உப்புப் போட்ட பானகமும் மோரும், மத்தியானம் புளியோதரை, இடையில கருப்பட்டி. இதுல இல்லாத எதைப் பாக்கெட்ல வர்ற எனர்ஜி ஜெல்லும் எனர்ஜி பாரும், எலெக்ட்ரால்ங்கிற ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொடியும் தரப்போகுது? மறுக்கிறவங்க காரணத்தோட மறுங்க.

கயிறும்கல்லும்

மறுக்கிறேன் அண்ணாச்சி. முதல்ல பழைய சோறு. ஒரு கும்பா பழைய சோத்துல தண்ணியே அரை லிட்டர் வரும். 5:30-க்குக் குடிச்சுட்டு 6 மணிக்கு ஹார்னஸ் மாட்டுறாங்க. இடுப்புப் பட்டை தொப்புளுக்கு மேல இறுக்குது, காலைத் தூக்கி மேல வைக்கும்போது தொடை வயித்தை அழுத்துது. உள்ள இருக்கறது தொண்டைக்கு வரும். பழைய சோத்தை நான் குறை சொல்லல, குடிக்கிற நேரத்தைத்தான் சொல்றேன்.

அதைவிடப் பெரிய குறை, உங்க பட்டியல்ல எதுக்கும் அளவு இல்ல. "கொஞ்சம் உப்பு"ன்னா எவ்வளவு? கல் உப்பை ஒரு சிட்டிகை எடுத்தா ஒரு நாள் நாலு பரல் வரும், மறுநாள் பத்து பரல் வரும். எலெக்ட்ரால் பெரிய பாக்கெட் 21.8 கிராம், தண்ணி 1 லிட்டர். யார் கலந்தாலும் ஒரே அளவு. வெயில்ல நிக்கிற ஆளுக்கு அந்த நிச்சயம் வேணும்.

அம்பைக்காரி

அளவுதான் பிரச்சினைன்னா அளவைச் சொல்லிடலாமே தம்பி, அதுக்குப் பாக்கெட்டுக்கு ஓட வேண்டாம். 1 லிட்டர் பானகத்துக்கு:

கருப்பட்டி 50 கிராம். தட்டி, ஒரு டம்ளர் தண்ணியில கொதிக்க வச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டணும். கருப்பட்டியில அடியில மணல் நிக்கும், வடிகட்டாம ஊத்துனா பாட்டில் மூடியில போய் நறநறங்கும். தூள் உப்பு கால் தேக்கரண்டி, தலைதட்டி. ஆறுன பிறகு அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. மிச்சத்தைத் தண்ணியால நிரப்பணும்.

கால் தேக்கரண்டி தூள் உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம். அதுல சோடியம் 0.6 கிராம். வேர்த்து விளையாடுறவங்க குடிக்கிற பானத்துல லிட்டருக்கு அரை கிராம்ல இருந்து 0.7 கிராம் வரை சோடியம் இருக்கணும்னுதான் விளையாட்டு மருத்துவத்துல சொல்றாங்க. கல் உப்புதான் வேணும்னா இடிச்சுட்டு அளங்க, பரலா அளந்தா கரண்டிக்குக் கரண்டி மாறும்.

கருப்பட்டியைக் கொதிக்க விடாம பச்சைத் தண்ணியில கரைச்சா மத்தியான வெயில்ல புளிக்க ஆரம்பிக்கும். பாட்டிலைத் திறக்கும்போது 'புஸ்'னு வந்தா கீழ ஊத்திடுங்க.

கயிறும்கல்லும்

அளவு சரிதான் அக்கா, ஏத்துக்கிறேன். ஆனா இதையும் எலெக்ட்ராலையும் ஒண்ணுன்னு சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தோட ஓ.ஆர்.எஸ். கணக்குல 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். சோடியம் உங்க பானகத்தைவிட ரெண்டரை மடங்குக்கும் மேல.

சிந்துபூந்துறை

அந்தக் கணக்கே உங்களுக்கு எதிரா நிக்குது, கவனிச்சீங்களா? ஓ.ஆர்.எஸ். வயித்துப்போக்குக்குச் செஞ்சது. 13.5 கிராம் குளுக்கோஸ் உப்பைக் குடல் உறிஞ்ச உதவி பண்றதுக்காக இருக்கு, பசிக்கு இல்ல. ஏறுறவருக்கு மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது போகணும். எலெக்ட்ரால் மட்டும் குடிச்சா உப்பு சேரும், தெம்பு சேராது. அம்பைக்காரி சொன்ன பானகத்துல ரெண்டும் இருக்கு.

ஒரு பாக்கெட்டைப் பையில போடுங்க, வேண்டாம்னு சொல்லல. யாருக்காவது வாந்தி, பேதின்னா அது மருந்து. அப்ப முழுப் பாக்கெட், முழு 1 லிட்டர். கண்ணளவுல பாதியைக் கொட்டக் கூடாது. கடையில அட்டைப் பெட்டியில விக்கிற இனிப்பு ஜூஸை ஓ.ஆர்.எஸ்.னு நினைச்சு வாங்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவன அளவுல இல்லாத பானம் லேபிள்ல அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்துடுச்சு.

இதைவிட முக்கியமா இன்னொண்ணு: வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா ஊத்துறது. ஒரு லிட்டர் வேர்வையில சோடியம் அரை கிராம்ல இருந்து ஒன்றரை கிராம் வரை போகும், ஆளுக்கு ஆள் மாறும். உப்பு போய்க்கிட்டே இருக்கு, வெறும் தண்ணி வந்துக்கிட்டே இருக்குன்னா ரத்தத்துல சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுறது, அப்புறம் பேச்சு குழறுறது. பாக்குறவங்க "வெயில் தாக்கிடுச்சு, தண்ணி குடு"ன்னு இன்னும் ஊத்துவாங்க. அங்கதான் ஆபத்து. சிறுநீர் தண்ணி மாதிரி அடிக்கடி போகுது, தாகமே இல்ல, ஆனா தலை வலிக்குதுன்னா தண்ணியை நிறுத்தி உப்புள்ளதைக் குடுங்க. குழப்பமாப் பேச ஆரம்பிச்சா வாயில எதுவும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க. சிறுநீர் மஞ்சளா, கொஞ்சமா, நாக்கு வறண்டு இருந்தா அது தண்ணி போதாத கேஸ்.

பனங்காடு

எல்லாரும் பேசுதிய, பதநீரைப் பத்தி ஒருத்தரும் வாய் தொறக்கலியே. மாசி, பங்குனியில பொத்தைக்குப் போற வழியிலயே பனை நிக்கி. விடியக்காலம் இறக்குன பதநீரு, கலயத்துல சுண்ணாம்பு தடவுனது. ஆளுக்கு ஒரு லிட்டர் வாங்கிக் கட்டுனா அன்னைக்கு வேற இனிப்பே வேண்டாம்.

கயிறும்கல்லும்

அண்ணாச்சி, பதநீர்ல இனிப்பு நூத்துக்குப் பத்து, பன்னிரண்டு வரை இருக்கும். நூத்துக்கு எட்டைத் தாண்டுனாலே வயித்துல இருந்து குடலுக்கு மெதுவாத்தான் இறங்கும். வெயில்ல மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டுக் கயித்துல ஏறுனா வயிறு பாரமா நிக்கும். ரெண்டாவது, நேரம் ஆக ஆகப் புளிக்கும். இறுக மூடுன பாட்டில்ல வாயு கட்டி மூடி தெறிக்கும்.

பனங்காடு

சுண்ணாம்பு சரியா இருந்தா அன்னைக்குப் பொழுது தாங்கும்யா. ஆனா மூடியை இறுக்கப்படாதுங்கது சரிதான். இனிப்புக்கு வழி சொல்லுதேன், கேளும்: பாதி பதநீர், பாதி தண்ணி, லிட்டருக்கு அந்தக் கால் கரண்டி உப்பு. நூத்துக்கு அஞ்சு, ஆறுக்கு வந்துரும். 9 மணிக்குள்ள குடிச்சு முடிச்சிரணும். அதுக்கு மேல வச்சிருந்து புளிச்சதைக் குடிச்சிட்டுக் கயித்துல கை வைக்கவே கூடாது. இதுல எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்ல.

வள்ளியூரான்

பழைய சோத்தை நான் விடுறதா இல்ல. நேரம்தான் குறைன்னா 4 மணிக்குச் சாப்பிடலாம். நீராகாரத்தைத் தனியா இறுத்து உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடிக்கிறது, சோறைப் பிழிஞ்சு ஒரு கை தயிர், நாலு சின்ன உள்ளியோட 200 கிராம் அளவுக்குச் சாப்பிடுறது. ரெண்டு மணி நேரத்துல வயிறு லேசாகிடும். கிளம்புறதுக்கு முன்னால உப்பும் தண்ணியும் உள்ள போறது எவ்வளவு பெரிய விஷயம்!

கயிறும்கல்லும்

4 மணின்னா சரி. ஆனா அதையே தூக்குவாளியில எடுத்துட்டுப் போய் 11 மணிக்குச் சாப்பிடலாம்னு யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுல நிழல்ல ராத்திரி ஊறுறது வேற, சூடான பாறைமேல பையில கிடக்கறது வேற. வடிச்ச சோத்துல வளர்ற ஒரு பாக்டீரியா விடுற நஞ்சு, திரும்பச் சூடு பண்ணாலும் போகாது.

அம்பைக்காரி

அதனாலதான் மத்தியானத்துக்குப் புளியோதரை. புளியும் நல்லெண்ணெயும் தாங்கும். ஆனா கட்டுற விதத்துல பாதிப் பேர் கெடுத்துடுறாங்க. சோறை உதிரியா வடிச்சு, அகலமான தாம்பாளத்துல பரப்பி, கைச்சூடுகூட இல்லாம ஆறுன பிறகுதான் புளிக்காய்ச்சலைக் கலக்கணும். சூட்டோட டப்பாவுல அடைச்சா ஆவி மூடியில முத்து முத்தா நின்னு திரும்பச் சோத்து மேலேயே சொட்டும். அந்த ஈரத்துலதான் நூல் விட ஆரம்பிக்கும். தேங்காய் எந்த வடிவத்துலயும் வேண்டாம். ஆளுக்கு 250 கிராம் போதும், 11:15-க்குச் சாப்பிட்டா 3:30-க்குள்ள செரிச்சிடும்.

இட்லி விரும்புறவங்க மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் ரெண்டு பக்கமும் தடவி வாழையிலையில கட்டுங்க, ஆளுக்கு நாலு.

கயிறும்கல்லும்

இங்க சமையல் தெரிஞ்சவங்க பாறையை மறந்துடுறீங்க. எண்ணெய் விரல்! நல்லெண்ணெய் பட்ட விரலைச் சாக் பையில விட்டா, பிடி வழுக்காம இருக்கப் பூசுற அந்த மெக்னீசியம் கார்பனேட் தூள் மாவுருண்டை மாதிரி திரளும், விரல் நுனியில ஒட்டாது. பிடிச்ச இடமும் வழுக்கும், அடுத்து ஏறுறவருக்கும் வழுக்கும். மிளகாய்ப்பொடி இன்னும் மோசம். பரல்பரலான பாறையில ரெண்டு மணி நேரம் தேய்ஞ்ச விரல் நுனித் தோல் காகிதம் மாதிரி ஆகியிருக்கும், அதுல காரம் பட்டா சாயங்காலம் வரை எரியும்.

அம்பைக்காரி

கரண்டியால சாப்பிடலாம். அப்படியும் எண்ணெய் பட்டுட்டா, ஒரு சின்ன டப்பாவுல சீயக்காய்த் தூள் வச்சுக்கோங்க. அரைக் கரண்டித் தூள், பத்துச் சொட்டுத் தண்ணி, விரல் நுனியில குழைச்சுத் தேய்ச்சுத் துணியில துடைச்சா எண்ணெய் எடுத்துடும். குடிக்கிற தண்ணியை ஊத்திக் கை கழுவ வேண்டாம்.

பனங்காடு

நெல்லைச் சீமையில இருந்துக்கிட்டு அல்வாவை ஒருத்தரும் சொல்லலியே? 50 கிராம் துண்டு ஒண்ணு போதும்லா, ஜெல்லு எதுக்கு?

சிந்துபூந்துறை

அண்ணாச்சி, அல்வாவுல சீனி இருக்கு, ஆனா கூடவே நெய். கொழுப்பு வயித்துல தங்கி, சீனி இறங்குறதையும் தாமதப்படுத்தும். 10 மணி வெயில்ல அந்த நெய் பொட்டலத்தை நனைச்சு வெளிய வந்துடும், விரலைப் பத்தி இப்பத்தான் பேசுனோம். இறங்குன பிறகு 5:30-க்குச் சாப்பிடுங்க, அப்ப அதுக்கு இடம் உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாயும் அப்படித்தான். நிலக்கடலையில பாதி எண்ணெய். மத்தியான ஓய்வுல ஒரு துண்டு சரி, ஏற்றத்துக்கு நடுவுல வேண்டாம்.

இன்னொரு தப்பு நம்பிக்கை: முன்கை கல்லு மாதிரி இறுகிப் பிடி விட்டுப்போனா "சீனி குறைஞ்சிடுச்சு, எதையாவது தின்னு"ன்னு சொல்றது. தசை இறுக்கிப் பிடிக்கிறப்ப ரத்தக்குழாயையே அமுக்கிடுது, ரத்தம் ஓடாததாலதான் அந்த வலி. அதுக்கு ஜெல்லும் உதவாது, கருப்பட்டியும் உதவாது. கையைத் தொங்கவிட்டு உதறணும், இறங்கி 15 நிமிஷமாவது உக்காரணும். சாப்பாடு அஞ்சாவது, ஆறாவது ஏற்றத்துக்கு உதவும்.

கயிறும்கல்லும்

இது சரி. ஆனா ஜெல்லுக்கும் ஒரு இடம் இருக்கு. ஒரே மூச்சுல மூணு, நாலு கயிற்று நீளம் ஏறுற பாறையில, நடுவுல சின்ன விளிம்புல நின்னுக்கிட்டு டப்பாவைத் திறக்க முடியாது. கை தவறுனா கீழ நிக்கிறவர் தலையில விழும். ஜெல்லை ஒரு கையால எடுத்துப் பல்லால கிழிக்கலாம், 20, 25 கிராம் மாவுச்சத்து. கூடவே ரெண்டு வாய் தண்ணி.

அம்பைக்காரி

கிழிச்ச மூலைத் துண்டு எங்க போகுது? பாறை இடுக்குலதான். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நாலு, பொரிகடலை மாவுல புரட்டி சட்டைப் பையில போட்டா விரல்லயும் ஒட்டாது, அதே 20 கிராம் கிடைக்கும், குப்பையும் இல்ல.

கயிறும்கல்லும்

மெல்லணுமே அக்கா. வாய் வறண்டு மூச்சு வாங்கும்போது பேரீச்சம்பழம் தொண்டையில அடைக்கும். கிழிச்ச உறையைப் பைக்குள்ள போடுறது பழக்கம்தான். இதுல நான் மாறப்போறதில்ல.

வள்ளியூரான்

சரி, அது அவங்கவங்க பாறையைப் பொறுத்ததுன்னு விட்டுடுவோம். மொத்தத் தண்ணிக் கணக்கைச் சொல்லுங்க.

சிந்துபூந்துறை

தை, மாசியில ஆளுக்கு 4 லிட்டர், பங்குனி, சித்திரையில 5. நாலில் ரெண்டு பானகம், அரை மோர், மிச்சம் வெறும் தண்ணி. ஏறுற நேரத்துல 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலஞ்சு வாய். ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து பணகுடி வரை வீசும். வேர்வை சட்டையில நிக்காம காஞ்சிடும், வேர்க்கலன்னு நினைச்சுக் குடிக்காம விடுவாங்க. அப்ப கடிகாரத்தைப் பாத்துத்தான் குடிக்கணும்.

மோர் பாட்டிலை முக்கால் அளவு ஊத்தி ராத்திரி உறைய வைங்க, விளிம்பு வரை ஊத்துனா பனிக்கட்டி விரிஞ்சு பாட்டில் வெடிக்கும். அது பக்கத்துலயே மத்த பாட்டில்களை அடுக்கி ஈரச் சாக்குல சுத்தினா 11 மணிக்கும் குளிர்ச்சி இருக்கும்.

கயிறும்கல்லும்

இதோட ஒண்ணு. கீழ நின்னு பிலே பிடிக்கிறவர், அதாவது ஏறுறவர் விழுந்தா தாங்குற மாதிரி கயித்தைப் பிடிக்கிறவர், நடுவுல தண்ணி குடிக்கக் கூடாது. பிரேக் கையைக் கயித்துல இருந்து எடுக்கிற அந்த ஒரு நொடியிலதான் மேல இருக்கறவர் விழுவார். ஏறுறதுக்கு முன்னாலயே ரெண்டு பேரும் குடிச்சிட்டுத்தான் முடிச்சைச் சரிபார்க்கணும்.

பனங்காடு

நானும் ஒண்ணு. சுக்குக் காப்பி போடுதேன்னு பாறை அடியில அடுப்பைப் பத்த வைக்காதிய. மேல மலந்தேனீ கூடு தொங்கும், புகை போனா மொத்தக் கூட்டமும் இறங்கிரும். கயித்துல நிக்கவன் எங்க ஓடுவான்? வீட்டுலயே போட்டு பிளாஸ்க்ல கொண்டாங்க. கொரங்கு ஜிப்பைத் திறக்கும், அதனால சாப்பாடு கிளிப் போட்ட எவர்சில்வர் தூக்குல. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணியை இறங்கி நடக்கதுக்குத் தனியாக் கட்டி, அதைத் தொடாம வைங்க.

வள்ளியூரான்

பிளாஸ்க்கும் சீயக்காய் டப்பாவும் பட்டியல்ல சேத்தாச்சு. உப்பு கால் தேக்கரண்டி, தலைதட்டி. எலெக்ட்ரால் ஒரு பாக்கெட், மருந்துப் பைக்குள்ள.

கயிறும்கல்லும்

ரெண்டு பாக்கெட் வைங்க அண்ணாச்சி. நாலு பேர் போறீங்க.