கிரைண்டரில் அரிசி போட்டால் டிரம் நிற்கிறது, அவசரம்

கரிசல்காடு:
கிரைண்டர் வெறுமனே ஓட்டினால் நன்றாகச் சுற்றுகிறது. அரிசி போட்டதும் டிரம் நின்றுவிடுகிறது. நாளை வீட்டில் விசேஷம், இரண்டு படி அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

மலைச்சாரல்:
டேபிள் டாப்பா, பழைய பெரிய கிரைண்டரா? டிரம் நிற்கும்போது மோட்டார் ஓடுகிறதா, அதுவும் நிற்கிறதா?

தறிமேடை:
கெபாசிட்டர்தான். யோசிக்காமல் மாற்றுங்கள்.

வாய்க்கால்:
முதலில் வோல்டேஜ் பாருங்கள். சாயங்காலத்தில் எங்கள் தெருவில் ஃபேன்கூட மெதுவாகத்தான் சுற்றும்.

பௌதிகம்67:
மோட்டார் சத்தம், வாசனை, பெல்ட்டின் நிலை, இந்த மூன்றையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? தறிமேடைக்கு: கெபாசிட்டர் போனால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது, உறுமிக்கொண்டு நிற்கும். வெறுமனே ஓடுகிறது என்று எழுதியிருப்பதைப் படித்தீர்களா?

தறிமேடை:
படித்தேன். மோட்டார் ஓடும்போதும் இணைப்பிலேயே இருக்கும் ரன் கெபாசிட்டர் பலவீனமானால் வெறுமனே ஓடும், பாரம் ஏறினால் திணறும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கரிசல்காடு:
பெரிய கிரைண்டர், அடியில் மோட்டார், வி பெல்ட். டிரம் நின்றாலும் மோட்டார் ஓடுகிறது. லேசாக ரப்பர் கருகும் வாசனை. போன வாரம் கீச்சென்று சத்தம் வந்ததால் பெல்ட்டில் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது.

பழைய ஒர்க்ஷாப்:
அந்த எண்ணெய்தாங்க காரணம். பேரிங்கில் உராய்வு நமக்கு எதிரி, அங்கே எண்ணெய் வேண்டும். பெல்ட்டில் உராய்வுதான் வேலையே செய்கிறது. புல்லி பெல்ட்டை இழுப்பதும் பெல்ட் டிரம்மைச் சுற்றுவதும் அந்தப் பிடிப்பால்தான். வெறும் டிரம்மைச் சுற்றக் கொஞ்சம் பிடிப்பு போதும். அரிசி விழுந்ததும் பாரம் கூடுகிறது, ஓய்வுநிலை உராய்வின் (வழுக்காமல் பிடித்திருக்கும் உராய்வின்) எல்லை தாண்டுகிறது, பெல்ட் வழுக்குகிறது. வழுக்க ஆரம்பித்தால் பிடிப்பு இன்னும் குறையும், சூடாகும், அந்த வாசனை வரும்.

முதலில் வந்த கீச் சத்தம், பெல்ட் தளர்ந்து பிடித்துப் பிடித்து விட்ட சத்தம். அப்போதே இறுக்கியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புல்லியின் பள்ளத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் குடித்த ரப்பர் ஊறிப் போகும், ஆகவே பெல்ட்டையே மாற்றுவது நல்லது. பெல்ட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடையில் காட்டுங்கள். மோட்டார் போல்ட்டைத் தளர்த்திப் பின்னால் இழுத்து முடுக்குங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் சரி. ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும்.

வாய்க்கால்:
அகலமான பெல்ட் போட்டால் இன்னும் பிடிக்குமே?

பௌதிகம்67:
பள்ளிப் பாடம் மறந்துவிட்டதா? உராய்வு தொடும் பரப்பைச் சார்ந்ததல்ல. 1699இலேயே பிரெஞ்சு விஞ்ஞானி அமோந்தோன் சொல்லிவிட்டார்.

மலைச்சாரல்:
அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் அவ்வளவு அகல டயர்? ரப்பர் நெளிந்து தரையோடு ஒட்டும், அந்த விதி அதற்கு அப்படியே பொருந்தாது.

பழைய ஒர்க்ஷாப்:
இங்கே அகலத்தைவிட வி வடிவம்தான் முக்கியம். பெல்ட் பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்குவதால் பக்கச் சுவர்களை அழுத்துகிறது. தட்டைப் பெல்ட்டோடு ஒப்பிட்டால் பிடிப்பு சுமார் மூன்று மடங்கு. அகலப் பெல்ட் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது.

தறிமேடை:
மிரளும் மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றினால் சின்னப் பையன்கூடப் பிடித்துவிடுகிறானே, அதுவும் இதுதானா?

பௌதிகம்67:
அதே கணக்குதான். உராய்வுக் குணகம் (பிடிப்பின் அளவைச் சொல்லும் எண்) 0.3 என்றால், இரண்டு சுற்றுக்குப் பையன் இழுக்கும் விசையைப்போல 40 மடங்குக்கும் மேல் தாங்கும். கணித மேதை ஆய்லரின் சமன்பாடு. ரன் கெபாசிட்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன்.

வாய்க்கால்:
வோல்டேஜ் பார்த்தாரா இல்லையா?

கரிசல்காடு:
புது பெல்ட் போட்டாச்சு. மாவு அரைகிறது. நன்றி.