ஆஃபர் டிவியும் கடை டிவியும் ஒன்றா? ஓசூர்வாசி பதில் சொல்லட்டும்

காரிமங்கலத்தான்:
நேற்று ஓசூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் தீபாவளிக்கு டிவி வாங்குகிறவர்கள் ஏமாளிகள். அதே 43 இன்ச் டிவி ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய் குறைவு" என்று எழுதி, கடை விலைச்சீட்டு ஒன்றும் ஆன்லைன் விலை ஒன்றுமாக இரண்டு படம் போட்டிருந்தார். கடையில் 29,990, ஆன்லைனில் 25,990.

ஆன்லைனில் வாங்குவது அவர் இஷ்டம். ஆனால் 'அதே டிவி' என்கிறாரே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடல் நம்பரில் கடைசி எழுத்து வேறு. கடையில் இருப்பதில் ஹெச்டிஎம்ஐ வயர் சொருகும் இடம் மூன்று, ஆன்லைனில் இரண்டு. கடையில் ஸ்பீக்கர் 24 வாட், ஆன்லைனில் 20 வாட். ஆன்லைனுக்கு என்றே தனி மாடல் இறக்குவது டிவி கம்பெனிகளின் வழக்கம். தர்மபுரி நேதாஜி பைபாஸ் ரோட்டில் வாடகை கட்டி, பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார்ந்திருப்பவரைத் திருடன் என்பதற்கு முன்னால் அந்த அட்டைப்பெட்டியைப் படித்திருக்கலாம்.

ஓசூர்வாசி:
திருடன் என்ற வார்த்தையை நான் எழுதவே இல்லை. அது நீங்கள் சேர்த்தது. இரண்டிலும் 43 இன்ச், 4கே, 3840க்கு 2160 புள்ளி, 60 ஹெர்ட்ஸ். திரை ஒன்று. டிவி என்றால் திரை. செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ஹெச்டிஎம்ஐ, சவுண்ட்பாருக்கு ஒன்று, அதற்கு மேல் எதற்கு? ஒரு எழுத்துக்கு நாலாயிரம் ரூபாய் கொடுக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

காரிமங்கலத்தான்:
எழுத்துக்கு யாரும் பணம் கேட்கவில்லை. எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் போர்டு மாறும், மெமரி மாறும், ஸ்பீக்கர் மாறும். ஒன்றரை ஜிபி ராம் இருக்கும் டிவியில் இரண்டு வருடம் கழித்து ஒரு ஆப் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். போன வருடம் வாஷிங் மெஷின் விஷயத்திலும் இப்படித்தான் "இரண்டும் ஒன்றே" என்று அடித்துச் சொன்னீர்கள். அப்புறம் ஒன்று ஆறரை கிலோ, இன்னொன்று ஏழு கிலோ என்று தெரிந்ததும் காணாமல் போனீர்கள்.

ஓசூர்வாசி:
வாஷிங் மெஷினை ஏன் இழுக்கிறீர்கள்? இது டிவி. திரை ஒன்றா இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ரவுண்டானா மெக்கானிக்:
கிருஷ்ணகிரியில் டிவி ரிப்பேர் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். இரண்டு பேரும் முழுசாகச் சொல்லவில்லை. கடைசி எழுத்து வரை எல்லாம் ஒன்றாக இருக்கும் டிவியில்கூட பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பகுதி, வேறாக வரும். கம்பெனிக்கு எந்தப் பேனல் சப்ளை கிடைக்கிறதோ அதைப் போட்டு அனுப்புகிறார்கள். ஒன்றில் விஏ பேனல், இன்னொன்றில் ஐபிஎஸ் பேனல். விஏ என்றால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம், விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பல் மாதிரி தெரியும். இதை அட்டைப்பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை. பெரிய ஹாலில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம்.

ஓசூர்வாசி:
கேட்டீர்களா? மாடல் நம்பர் ஒன்றாக இருந்தாலும் டிவி வேறாகலாம் என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். அப்புறம் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் என்ன அர்த்தம்?

காரிமங்கலத்தான்:
அவர் சொன்னது எனக்குத்தான் பலம். நம்பர் ஒன்றாக இருந்தாலே வேறாகலாம் என்றால், நம்பரே வேறாக இருக்கும்போது 'அதே டிவி' என்று எப்படி எழுதினீர்கள்? கடையில் திரையை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று, சாய்ந்து, தள்ளி நின்று பார்க்கலாம். ஆன்லைன் படத்தில் விஏவும் தெரியாது, ஐபிஎஸ்ஸும் தெரியாது.

ரவுண்டானா மெக்கானிக்:
கடையில் ஓடுவது டெமோ வீடியோ, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து ஓட்டுவார்கள். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடையில் உங்கள் வீட்டு கேபிளைப் போடச் சொல்லுங்கள், போடமாட்டார்கள். அரசு கேபிள் சாதாரண சேனல் 576 வரிப் படம். அதை 2160 வரித் திரையில் இழுத்துப் போட்டால் முகம் எல்லாம் கலங்கித்தான் தெரியும். "புது டிவி மங்கலாக இருக்கிறது" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டிவியில் எந்தக் கோளாறும் இல்லை.

பாலக்கோட்டு தக்காளி:
எல்லோரும் எழுத்தையே பேசுகிறீர்கள். ஜிஎஸ்டி கொள்ளையைப் பற்றி யாராவது பேசுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பத்து சதவீதம் குறைப்பு. 32,000 ரூபாய் டிவி 28,800க்கு வந்திருக்க வேண்டும். நான் கேட்ட கடையில் 29,500 என்றார்கள். மீதி 700 ரூபாய் யார் பாக்கெட்டுக்குப் போனது?

காரிமங்கலத்தான்:
யார் பாக்கெட்டுக்கும் போகவில்லை. வரி போடுவது வரி சேர்க்காத விலை மேல். 32,000 என்பதில் வரி சேர்க்காத விலை 25,000, அதற்கு 28 சதவீதம் 7,000. இப்போது அதே 25,000க்கு 18 சதவீதம் 4,500. மொத்தம் 29,500. அந்தக் கடைக்காரர் பைசா சுத்தமாகக் குறைத்திருக்கிறார். வாங்குகிறவருக்கு ஏறக்குறைய எட்டு சதவீதம்தான் குறையும், பத்து குறையாது.

பாலக்கோட்டு தக்காளி:
28-இல் 18 போனால் பத்து. அரசாங்கம் பத்து குறைத்தது, கடை எட்டு குறைக்கிறது. 700 ரூபாய் எங்கே?

காரிமங்கலத்தான்:
மேலே ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். காகிதத்தில் நீங்களும் போட்டுப் பாருங்கள். 32 இன்ச் வாங்குகிறவர்களும் கவனியுங்கள். அதற்கு 2019 ஜனவரியிலிருந்தே 18 சதவீதம்தான். "ஜிஎஸ்டி குறைப்பு ஆஃபர்" என்று 32 இன்ச் டிவியில் யாராவது அட்டை தொங்கவிட்டிருந்தால், கடையோ ஆன்லைனோ, அந்த இடத்திலேயே கேளுங்கள்.

அரூர் அக்கா:
தம்பிகளா, நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மொத்தமாகப் பணம் போட முடியாது, தவணையில்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் "வட்டியில்லா இஎம்ஐ" என்று போட்டிருக்கிறார்கள். கடையில் ஃபைனான்ஸ் பையன் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். எது நல்லது என்று யாராவது சொல்லுங்களேன்.

ஓசூர்வாசி:
ஆன்லைன்தான் அக்கா. கிரெடிட் கார்டுக்குத் தள்ளுபடியும் உண்டு, வட்டியும் கிடையாது. கடைப் பக்கமே போகாதீர்கள்.

காரிமங்கலத்தான்:
அக்கா, அவர் பேச்சை நம்பிவிடாதீர்கள். வட்டியில்லா இஎம்ஐயில் வட்டி இருக்கிறது. வங்கி வட்டியைப் போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக உங்கள் கார்டு பில்லில் வரும், பல வங்கிகள் பிராசசிங் கட்டணமும் போடும். சில டிவிகளில் மொத்தமாகக் கட்டினால் கிடைக்கிற தள்ளுபடி இஎம்ஐ எடுத்தால் கிடைக்காது. அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடை ஃபைனான்ஸிலும் முன்பணம் எவ்வளவு, ஃபைல் சார்ஜ் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தவணை தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள், அதைத் தானாகச் சொல்லமாட்டார்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். கடைக்காரனுக்கு வக்காலத்து வாங்குவதாக இங்கே சிலர் என்னைச் சொல்கிறார்கள், அதனால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அரூர் அக்கா:
என்னிடம் கார்டே இல்லை. இதை யாரும் கேட்கவில்லை.

ஓசூர்வாசி:
இவ்வளவு நீளமாக எழுதியும் திரை ஒன்றா இல்லையா என்பதற்குப் பதில் வரவில்லை. டிவி எல்லாம் எங்கே தயாராகிறது என்று தெரியுமா? 2020 ஜூலையில் கலர் டிவி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பெரும்பாலும் இந்தியாவிலேயேதான் பாகங்களைப் பூட்டிச் செய்கிறார்கள். திருப்பதியில் ஒரே தொழிற்சாலையில் பல பிராண்டுகளுக்கு டிவி செய்து கொடுக்கிறார்கள். பெட்டியில் பெயர் மட்டும் மாறும். இதில் எழுத்து, எழுத்து என்று ஒப்பாரி.

காரிமங்கலத்தான்:
ஒரே அடுப்பில் சமைத்தால் சாம்பாரும் ரசமும் ஒன்றாகிவிடுமா? ஒரே கூரைக்குக் கீழே ஐம்பது மாடல் ஓடும். ஒவ்வொன்றுக்கும் போர்டு வேறு, ஸ்பீக்கர் வேறு. அதைப் பிரித்துக் காட்டத்தான் அந்தக் கடைசி எழுத்து. திருப்பதி வரை போன நீங்கள் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கர் வரை போகவில்லை.

ஓசூர்வாசி:
உங்களுக்கு ஓசூர் என்றாலே எரிச்சல், அதுதான் விஷயம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததை தர்மபுரிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

ரவுண்டானா மெக்கானிக்:
மாவட்டத்தை இதில் இழுக்காதீர்கள். நானும் கிருஷ்ணகிரிதான், என்னைக் கேட்டால் ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரியையே மதிப்பதில்லை. எதற்கெடுத்தாலும் பெங்களூர். தோசை சாப்பிடக்கூட அத்திப்பள்ளி தாண்ட வேண்டும் அவர்களுக்கு.

ஓசூர்வாசி:
பெங்களூரில் இன்னும் குறைவாகக் கிடைக்கிறது, அதனால் போகிறோம். நாற்பது கிலோமீட்டர். கையில் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

காரிமங்கலத்தான்:
43 இன்ச் டிவியைக் கையில் தூக்கிக்கொண்டு வருவாராம். டிவியைப் படுக்க வைத்து ஏற்றினால் குலுங்கலில் திரை விரிசல் விடலாம், நிற்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். விரிசல் விட்ட திரைக்கு வாரண்டி கிடையாது. மெக்கானிக் அண்ணா, பேனல் மாற்ற எவ்வளவு ஆகும் என்று இவருக்குச் சொல்லுங்கள்.

ரவுண்டானா மெக்கானிக்:
டிவி விலையில் பாதிக்கு மேல் போய்விடும். பல மாடலுக்குப் பேனலே கிடைக்காது. ஆன்லைனில் வாங்கினால் டெலிவரி ஆள் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, ஓட்டிப் பார்த்து, வீடியோ எடுத்து வையுங்கள். கடையில் வாங்கினாலும் அப்படியே செய்யுங்கள். இன்னொன்று, எந்தக் கடையிலும் டிவியோடு ஸ்டெபிலைசரைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். இப்போதைய டிவி 100 வோல்ட்டிலிருந்து 240 வரை தானே சமாளிக்கும் என்று பின்னாலேயே எழுதியிருக்கும். பென்னாகரம் பக்கம் மின்னல் விழுந்து வருகிற டிவிகளில் பாதி கேபிள் வயர் வழியாக அடி வாங்கியவை. இடி இடித்தால் பிளக்கோடு கேபிளையும் கழற்றுங்கள்.

காரிமங்கலத்தான்:
ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்கள் பக்கம் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எப்படி ஆடும் என்று கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 240-க்கு மேலே எகிறினால் என்ன செய்வீர்கள்?

ரவுண்டானா மெக்கானிக்:
உங்கள் ஊர் டிவியும் என் கடைக்குத்தான் வருகிறது. தெரியும்.

அரூர் அக்கா:
2006-க்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் டிவி எங்கள் வீட்டில் இத்தனை வருடம் ஸ்டெபிலைசர் இல்லாமல்தான் ஓடியது. சண்டை இருக்கட்டும், ஆன்லைன் டிவி கெட்டால் யாரிடம் போய்க் கேட்பது? பெங்களூர், டெல்லி என்று அலைய என்னால் முடியாது.

காரிமங்கலத்தான்:
அலைய வேண்டாம் அக்கா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவன் எங்கே இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். அதற்கு பில் வேண்டும், அந்த பில்லில் மாடல் நம்பர் கடைசி எழுத்து வரை முழுசாக இருக்க வேண்டும். "43 இன்ச் டிவி ஒன்று" என்று மட்டும் எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

ஓசூர்வாசி:
மறுபடியும் கடைசி எழுத்து.

பாலக்கோட்டு தக்காளி:
எனக்கு இன்னும் 700 ரூபாய்க்குப் பதில் வரவில்லை.

காரிமங்கலத்தான்:
உங்களுக்கு இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. ஓசூர்வாசி, நீங்கள் வாங்கியதும் அந்த ஆன்லைன் மாடல்தானே? டிவிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள், இப்போதே முடித்துவிடலாம்.

ஓசூர்வாசி:
சுவரில் மாட்டியாகிவிட்டது. கழற்ற முடியாது.

காரிமங்கலத்தான்:
கழற்ற வேண்டாம். ரிமோட்டில் செட்டிங்ஸ் போய், 'டிவி பற்றி' என்ற இடத்தைத் திறந்தால் மாடல் நம்பர் முழுசாக வரும். ராம் எவ்வளவு என்பதும் சில டிவிகளில் அங்கேயே இருக்கும். ஒரு நிமிட வேலை.

ஓசூர்வாசி:
உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகப் படம் பார்க்கிறோம். நாலாயிரம் மிச்சம். திரை ஒன்றுதான்.

காரிமங்கலத்தான்:
படம் வரட்டும், அப்புறம் பேசலாம்.