ரூபனுக்கு வந்த பார்சல் (குழு: தங்கையா குடும்பம்)

ஜெபா: பெனிட்டா, ரூபன் பெயருக்கு ஒரு பார்சல். ஹாரி பாட்டர் ஏழு பாகமும். நீதானே?

பெனிட்டா: ஆமாம் அத்தை. பிறந்தநாள் வரை பிரிக்க விடாதீங்க

ஜெபா: பிரித்தாயிற்று. கட்டிலுக்கடியில் டார்ச்சோடு கிடக்கிறான்.

ஞானம்: சூனியம் சொல்லும் புத்தகம். பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். உபாகமம் 18:10-12.

ஞானம்: (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை!!! இதைப் படித்த லட்சக்கணக்கான பிள்ளைகள் சாத்தான் சபையில் சேர்ந்துவிட்டார்கள்!! 10 பேருக்கு அனுப்பவும்

ஜான்சன்: அண்ணன் ஆரம்பித்துவிட்டார்

எஸ்தர்: ஜான்சா, சும்மா இரு

பெனிட்டா: பெரிய மாமா, இது 2000-ல் தி ஆனியன் என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகையில் வந்த கேலிக் கட்டுரையின் சரக்கு. அப்போதே நிஜச் செய்தி என்று நம்பி மின்னஞ்சலில் சுற்றவிட்டார்கள்.

ஞானம்: வசனம் கேலி இல்லை.

தயாளன்: மச்சான் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அந்த வசனம் குறிசொல்லுகிறவன், நாள் பார்க்கிறவன், சூனியக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆனால் கதையில் பையன் எந்த ஆவியையும் கூப்பிடுவதில்லை. மந்திரம் அவனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, பாட்டுக் குரல் மாதிரி. விவரம் தெரிந்து எதிர்ப்பவர்கள் சொல்வது வேறு: பிள்ளைக்கு நிஜ மாந்திரீகத்தின் மேல் ஆசை வந்துவிடும், அப்புறம் நாயகனே பொய் சொல்கிறான், விதியை மீறுகிறான் என்பார்கள். பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆனவர்கூட 2003-ல் இந்தக் கதைகளைக் குறைசொன்ன ஒருவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அதே வத்திக்கானின் நாளிதழ் 2009-ல் ஆறாவது படத்தைப் பாராட்டியது!

எஸ்தர்: பக்கத்து அறையில் இருந்துகொண்டு இவ்வளவு நீளமா

ஞானம்: நாம் என்ன கத்தோலிக்கரா?

ஜான்சன்: அண்ணே, "நாள் பார்க்கிறவன்" அந்த வரிசையில்தான் இருக்கிறான். என் கல்யாணத்துக்கு நாள் சரியில்லை என்று ஒரு மாதம் தள்ளியது யார்?

ஞானம்: மண்டபம் கிடைக்கவில்லை.

ஜான்சன்: ஓஹோ

ஜெபா: 🙄

எஸ்தர்: பழசைக் கிளற வேண்டாம். பெனிட்டா, என் போனில் எழுத்தெல்லாம் திடீரென்று பெரிதாகிவிட்டது

பெனிட்டா: வந்து பார்க்கிறேன் அம்மா

ஞானம்: எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எல்லார் முன்பாகவும் சுட்டெரித்தார்கள். அப்போஸ்தலர் 19:19. விலை 50,000 வெள்ளிக்காசு.

தயாளன்: எரித்தது அவரவர் புத்தகத்தை மச்சான். மனந்திரும்பி, தாங்களே கொண்டுவந்து போட்டார்கள். 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் ஒரு சபை இந்தக் கதைகளைக் கொளுத்தியது. 2019-ல் போலந்தில் பாதிரியார்கள் கொளுத்திவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். அர்கன்சாஸில் ஒரு பள்ளி நிர்வாகம் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் இதை எடுக்கக்கூடாது என்றது. 2003-ல் நீதிமன்றம் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னது.

ஜெபா: அத்தான், போன வருஷம் நார்னியா கதைப் புத்தகங்கள் வாங்கித் தந்தது நீங்கள்தானே? அதில் சூனியக்காரியே வருகிறாளே

ஞானம்: அவள் கெட்டவள். அதில் வரும் சிங்கம் இயேசுவுக்கு அடையாளம் என்று தெரியும் அல்லவா?

பெனிட்டா: 1952-ல் வந்த நார்னியா பாகத்தில் கதாநாயகி லூசியே மந்திரப் புத்தகத்தைத் திறந்து மந்திரம் சொல்கிறாள் மாமா. நல்ல பிள்ளை லூசி!

ஞானம்: எந்த அதிகாரம்?

ஜான்சன்: 😂😂

பெனிட்டா: இன்னொன்று. ஏழாம் பாகத்தில் ஹாரியின் அப்பா அம்மா கல்லறையில் வசனம் பொறித்திருக்கிறது. 1 கொரிந்தியர் 15:26. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்."

எஸ்தர்: அப்பா அடக்க ஆராதனையில் வாசித்த வசனம்

ஞானம்: ஆம்.

தயாளன்: எனக்கு உறுத்துவது நாலாம் பாகம்தான். கல்லறைத் தோட்டத்தில் எலும்பு, சதை, இரத்தம் என்று ஒரு சடங்கு. ஒன்பது வயதுக்கு

பெனிட்டா: அப்பா! கதையைச் சொல்லாதீங்க, ரூபன் அத்தை போனைப் பார்ப்பான்

ஜெபா: அப்படியானால் மூன்று பாகம் வரை இருக்கட்டும். மீதி பீரோவில்.

ஜான்சன்: சாவி அவனுக்குத் தெரியும்

ஞானம்: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. முதல் பாகத்தை அனுப்பு, படித்துவிட்டுத் தருகிறேன்.

ஜான்சன்: என் மந்திரவாதி மாண்ட்ரேக் காமிக்ஸையும் இப்படிச் சொல்லித்தான் வாங்கினீர்கள் அண்ணே

எஸ்தர்: சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும்? யாரும் சொல்லவே இல்லை