மறுமொழி: ‘கவர் ஆல்பம்’ தமிழில் என்ன? – ‘வழிப்பதிவு’ என்று முன்வைக்கிறேன்

வணக்கம் நண்பர்களே,

பிரிட்டிஷ் இசைநாடக நடிகை எலேன் பேஜ், குவீன் என்ற ராக் குழுவின் பாடல்களைப் பாடி 1988-இல் வெளியிட்ட ‘தி குவீன் ஆல்பம்’ பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்த நண்பர், இப்படிப் பிறர் பாட்டுகளைப் பாடி வெளியிடும் ‘கவர் ஆல்பம்’ என்பதற்குச் சொல் கிடைக்காமல் முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டு நம் குழுவைக் கேட்டார். அதிலிருந்து மறுபாடல், மீள்பாடல், மறுபதிவு, நகலிசை, பாடாந்தரம் என்று வரிசையாக வந்துவிட்டன. ‘போர்வைப்பாட்டு’ என்று ஒருவர் கிண்டலுக்குப் போட்டதற்கும் ஆதரவு வந்திருக்கிறது, அதுவும் கிண்டல்தான் என்று நம்புகிறேன்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முடிவு செய்யாமலே சொற்களை அடுக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

> ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடினால் கவர். அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. பேஜையே எடுத்துக்கொள்வோம். அவர் லண்டன் இசைநாடக மேடையில் வளர்ந்தவர், 1978-இல் ‘எவிட்டா’வில் அர்ஜென்டினா அதிபரின் மனைவி எவா பெரோனாக நடித்துத்தான் பெரிய பெயர் வாங்கினார். அந்த நாடகத்தின் பாடல்கள் மேடைக்கு வருவதற்கு முன்பே 1976-இல் இசைத்தட்டாக வந்துவிட்டன, அதில் எவாவாகப் பாடியவர் ஜூலி கோவிங்டன். ‘டோண்ட் கிரை ஃபார் மீ அர்ஜென்டினா’ கோவிங்டன் குரலில் 1977-இல் பிரிட்டனில் முதலிடம் வரை போனது. அவர் மேடையில் நடிக்க மறுத்ததால்தான் வேடம் பேஜுக்கு வந்தது. இப்போது பேஜ் அந்தப் பாட்டை நாடகத்தில் பாடியது கவரா? ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடியிருக்கிறார், மேலே உள்ள வரையறைப்படி ஆம் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நாடகம் பார்க்கிற எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பாட்டு வேடத்தோடு ஒட்டியது, வேடம் யார் கைக்குப் போகிறதோ அவர் பாடுவார்.

நம் ஊர் நாடகத்திலும் இதே கதைதான். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வரும் ‘காயாத கானகத்தே’ பாட்டு எஸ். ஜி. கிட்டப்பா பாடிப் புகழ்பெற்றது. 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் அதை டி. ஆர். மகாலிங்கம் பாடினார். மகாலிங்கம் கிட்டப்பாவைக் கவர் செய்தார் என்று எழுதினால் யாராவது ஏற்பார்களா? கிட்டப்பா மாதிரி பாடினார், கிட்டப்பாவின் வாரிசு என்றெல்லாம் சொல்வார்கள், அது வேறு பேச்சு.

‘தி குவீன் ஆல்பம்’ இந்த வகையில் சேராது. அதில் வேடம் கிடையாது, கதை கிடையாது. ‘பொஹீமியன் ராப்சடி’, ‘ரேடியோ காகா’, ‘ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்’ எல்லாம் குவீன் குழுவின் இசைத்தட்டுகளாக, அதன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் குரலாக மக்கள் காதில் பதிந்தவை. ‘பொஹீமியன் ராப்சடி’ 1975-இல் வந்தது, ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும். நடுவில் வரும் ஒபேரா (மேற்கத்திய சங்கீத நாடகம்) பாணிப் பகுதியில் குழுவினர் தங்கள் குரல்களையே அடுக்கடுக்காகப் பதிவுசெய்து ஒரு பெருங்கூட்டம் பாடுவதுபோல் ஆக்கியிருப்பார்கள். அந்தப் பாட்டுக்கு மூலம் காகிதத்தில் இருக்கும் இசைக்குறிப்பு இல்லை, அந்தப் பதிவுதான். பேஜ் அதைப் பாடும்போது கேட்கிறவர் மனதுக்குள் பழைய பதிவும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும், இரண்டையும் ஒப்பிடாமல் கேட்கவே முடியாது. (அதே 1988-இல்தான் மெர்க்குரி, ஒபேரா பாடகி மொன்செராட் கபாயேவுடன் சேர்ந்து ‘பார்சிலோனா’ ஆல்பத்தை வெளியிட்டார். மேடைக்காரர் ராக் பக்கம் போக, ராக்காரர் மேடைப் பக்கம் வந்த வருடம். சொல்லாமல் விட மனமில்லை.)

ஆக, முன்னால் ஒரு பதிவு இருக்கவேண்டும், அது ஒருவருடைய பாட்டு என்று அடையாளம் பெற்றிருக்கவேண்டும், பின்னால் வருபவர் வேடத்துக்காக இல்லாமல் தன் பெயரில் அதைப் பாடவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கவர். பிற்பாடு 2002-இல் இதே குவீன் பாடல்களைக் கோத்து லண்டனில் ‘வி வில் ராக் யூ’ என்று ஒரு இசைநாடகமே போட்டார்கள், அங்கே பாத்திரங்கள் பாடுவது மறுபடி வேடப் பாட்டு ஆகிவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வந்த பரிந்துரைகளில் பல தானாக விழுந்துவிடும்.

மறுபதிவு வேண்டாம். டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்களைத் தானே திரும்பப் பாடிப் பதிவுசெய்து வெளியிட்டாரே, அதற்கு அந்தச் சொல் தேவைப்படும். போதாததற்குத் தமிழ்ப் படவுலகில் ரீரெக்கார்டிங் என்றால் பின்னணி இசைக்கோப்பு. ஏற்கெனவே இருக்கும் குழப்பத்தில் நாமும் ஒரு கை மண் அள்ளிப்போட வேண்டியதில்லை. நகலிசை வசவு மாதிரி இருக்கிறது. மறுபாடல், மீள்பாடல் இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் திரும்பப் பாடுவது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பாடகர் ரசிகர் கேட்டு ஒரே பாட்டை ஒரே கச்சேரியில் இரண்டாம் தடவை பாடினாலும் அது மீள்பாடல்தான்.

> பாடாந்தரம் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் கண்டுபிடிக்கவேண்டும்?

இதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்த கடிதம். பாடாந்தரம் அருமையான சொல், ஆனால் அது வாழும் உலகம் வேறு. கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனையை அரியக்குடி பாடுவார், செம்மங்குடி பாடுவார், அடுத்த தலைமுறையும் பாடும். யாரும் யாரையும் கவர் செய்வதில்லை. அங்கே மூலம் என்று நிற்கும் பதிவு ஒன்று இல்லை, குரு வழியாக வந்த வடிவங்கள்தான் உண்டு, அந்த வடிவத்துக்குப் பெயர் பாடாந்தரம். கவர் என்பது இசைத்தட்டு வியாபாரத்தில் பிறந்த சொல். ஒரு கம்பெனியின் பாட்டு விற்க ஆரம்பித்ததும் போட்டிக் கம்பெனி தன் பாடகரை வைத்து அதே பாட்டை அவசரமாக வெளியிடும். 1955-இல் வந்த கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டோமினோவின் ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பாட்டை அதே ஆண்டிலேயே வெள்ளைக்காரர் பாட் பூன் பாடி அமெரிக்கப் பாப் பட்டியல் ஒன்றில் முதலிடம் பிடித்தார். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை வெள்ளைக்காரப் பாடகர்கள் பாடி அதிகம் சம்பாதித்த கசப்பும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. குருகுல வாசனை உள்ள சொல்லை இதன்மேல் போடுவது சரியாக வராது.

இனி என் பரிந்துரை. நம் இலக்கணத்தில் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்திருக்கிறார்கள். வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

முன்னவர் சொன்னதோடு முடிவில் ஒத்துப்போகவேண்டும், பின்னவர் தனக்கு வேண்டிய மாறுபாடுகளைச் செய்துகொள்ளலாம், மரபு கெடக்கூடாது. எனக்கு இது ஒரு நல்ல கவருக்கு எழுதிய வரையறை மாதிரியே இருக்கிறது. ஆகவே முதற்பதிவு, வழிப்பதிவு. கவர் ஆல்பம் என்பதற்கு வழிப்பதிவுத் தொகுப்பு.

இதைவிட வேடிக்கை, சட்டக்காரர்களும் ஏறக்குறைய இதையேதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், ஒருமுறை வெளியான பாட்டை உரிமத் தொகை கட்டிவிட்டு மற்றவர் பதிவுசெய்துகொள்ள 1909 முதலே வழிவிடுகிறது. இப்போதுள்ள 115-ஆம் பிரிவு, பாடுபவரின் பாணிக்கு ஏற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் அடிப்படைத் தன்மையையும் மாற்றக்கூடாது என்கிறது. முடிபு ஒருங்கு ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி! இந்தியச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு இன்னும் கறார். முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழியவேண்டும், பாட்டில் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் எதையும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது, உறையில் முன்பு பாடியவர் பெயரையோ படத்தையோ போட்டு வாங்குபவரை ஏமாற்றக்கூடாது, இது கவர் என்று உறையிலேயே சொல்லிவிடவேண்டும். அதற்கு முன்பு இரண்டு ஆண்டு காத்திருந்தால் போதும் என்று இருந்தது, டி-சீரிஸ் போன்ற கம்பெனிகள் பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் கேசட்டாகப் போட்டு விற்றதும் இந்தக் கறார் வராத காலத்தில்தான். சட்டத் தமிழிலும் பயன்படும்படியான ஒரு சொல் நமக்கு வேண்டும் என்பதற்காக இவ்வளவும் சொல்கிறேன்.

> வழிப்பாடல் என்றே வைக்கலாமே, பதிவு எதற்கு?

வைக்கலாம், ஆனால் ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டுப் படித்தால் வழிபாடல் என்று ஆகி, நேராகக் கோயிலுக்குப் போய்விடும். இன்னொரு பக்கம் வழிநடைச் சிந்து என்ற பழைய வகை வேறு இருக்கிறது, நடந்துபோகும்போது பாடுகிற பாட்டு என்று புரிந்துகொள்வார்கள். பதிவு என்று சொன்னால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. எது எதைத் தொடர்கிறது என்பதும் தெளிவு: பாட்டைப் பின்தொடரவில்லை, பதிவைப் பின்தொடர்கிறது.

ஒரு சிக்கலான வழக்கில் சோதித்துப் பார்த்தேன். லைசா மினெல்லி, அவரும் மேடைக்காரர்தான், 1989-இல் பெட் ஷாப் பாய்ஸ் என்ற இருவர் பாப் குழுவின் தயாரிப்பில் ‘ரிசல்ட்ஸ்’ என்று ஒரு பாப் ஆல்பம் போட்டார். அதில் உள்ள ‘ரென்ட்’ பாட்டு அந்த இருவரே 1987-இல் பாடி வெளியிட்டது. எழுதியவர்களே தயாரித்தாலும் குரல் மாறிவிட்டது, வழிப்பதிவு. ‘லூசிங் மை மைண்ட்’ ஸ்டீவன் சோண்ட்ஹைமின் ‘ஃபாலீஸ்’ இசைநாடகப் பாட்டு, 1971-இல் மேடைக்கு வந்தது. மினெல்லி அதைப் பாத்திரமாகப் பாடவில்லை, டிஸ்கோத் தாளத்தில் தன் பெயரில் பாடினார், அதுவும் வழிப்பதிவு. ஆனால் அதே ஆல்பத்தில் அவருக்காகவே எழுதிய புதுப் பாட்டுகளும் உண்டு, அதனால் முழு ஆல்பத்தையும் வழிப்பதிவுத் தொகுப்பு என்று சொல்லமுடியாது. பேஜின் குவீன் தொகுப்பைத் தயங்காமல் சொல்லலாம்.

கவர் சாங் என்றே விட்டுவிடலாம் என்று எழுதியவருக்கு: பேச்சில் விடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இன்று யூடியூபில் பழைய பாட்டின் ஒலியை அப்படியே ஓடவிட்டுத் தாங்கள் நடித்து எடுத்த காணொளிக்கும் கவர் சாங் என்றுதான் தலைப்பு வைக்கிறார்கள். கட்டுரையில் ‘கவர் பாடல்’ என்று எழுதினால் இலக்கணம் படித்தவர் அதை வினைத்தொகையாக எடுத்துக்கொண்டு மனம் கவர்ந்த பாட்டு என்று வாசிக்கவும் இடமிருக்கிறது.

எனக்கே திருப்தி இல்லாத இடமும் உண்டு. கச்சேரி மேடையில் நேரடியாகப் பாடும் கவருக்குப் பதிவு என்ற பகுதி பொருந்தாது, அங்கே ‘வழியிசை’ என்று ஒரு துணைச்சொல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். வினைச்சொல்லும் அகப்படவில்லை. ‘வழிப்பதிவு செய்தார்’ நீளம், ‘வழிபாடினார்’ சொல்லவே வேண்டாம். கட்டுரை எழுதும் நண்பர் இப்போதைக்கு முதல் வாக்கியத்தை இப்படி ஆரம்பிக்கலாம்: ‘இசைநாடக நடிகை எலேன் பேஜ், குவீன் குழுவின் பாடல்களை மட்டும் தேர்ந்து 1988-இல் வெளியிட்ட வழிப்பதிவுத் தொகுப்பு இது.’ படிக்கும்போது எங்காவது இடறினால் எழுதுங்கள். ரீமிக்ஸ், பல பாட்டுகளைக் கோத்துப் பாடும் மெட்லி இரண்டையும் சார்புநூல் கணக்கில் ‘சார்புப்பதிவு’ என்று சேர்க்கலாமா என்று தனி இழையில் கேட்கிறேன், இதற்குள் அதையும் போட்டுக் குழப்பவேண்டாம்.