லக்கி பேம்பூவை வீட்டிலேயே வளைச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுறேன். 2 வருஷம் முன்னாடி பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல 3 தண்டு வாங்கிட்டு வந்தேன். கடையில ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிக்குமே, அதை நாமளே செய்யணும்னு ஆசை. மறுநாளே ஒரு தண்டைக் கையால வளைச்சேன். பாதியில படக்குனு ஒடிஞ்சுது. மனசே ஆறல. பக்கத்து வீட்டு அக்காதான், "மேல்துண்டைக் கணுவுக்குக் கீழ நறுக்கித் தண்ணியில விடும்மா, வேர் பிடிச்சுக்கும்"னாங்க. பிடிச்சுது. வேர் செவசெவன்னு வந்தா அழுகிடுச்சுன்னு பயப்படாதீங்க, இதோட வேர் நிறமே அதுதான்.

முத்தின தண்டு வளையாது. புதுசா விடுற பச்சைத் துளிர்தான் வளையும், அதையும் வெளிச்சத்தைக் காட்டித்தான் வளைக்கணும். ஒரு அட்டைப்பெட்டியில ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, செடியை உள்ளே வச்சு, திறந்த பக்கம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி வச்சேன். வெளிச்சம் படாத பக்கத்துல ஆக்சின்ங்கிற ஹார்மோன் கூடுதலாச் சேர்ந்து அந்தப் பக்கம் வேகமா நீளும், அதனால துளிர் ஜன்னல் பக்கம் சாயும். சாய்வு கண்ணுக்குத் தெரிஞ்சதும் குப்பியை லேசாத் திருப்பணும், எப்பவும் ஒரே திசையில. ஒரு சுற்று முடிய எனக்கு 14 மாசம் ஆச்சு. நடுவுல பொங்கலுக்கு ஊருக்குப் போய் 20 நாள் திருப்பாம விட்ட இடம் இன்னைக்கும் கோணலாத்தான் இருக்கு.

நேர் வெயில் வேண்டாம், இலை கருகிடும். பேர்தான் மூங்கில், உண்மையில இது டிரசீனா, மத்திய ஆப்பிரிக்காவுல மரநிழல்ல வளர்ற செடி. எங்க போர் தண்ணி உப்பு. அதை ஊத்தினப்போ இலை நுனியெல்லாம் பழுப்பாச்சு. ஐப்பசி, கார்த்திகையில மாடியில பிடிச்ச மழைத்தண்ணிக்கு மாத்தினதும் புது இலைங்க சுத்தமா வருது.

கம்பி சுத்தி வளைச்சவங்க யாராவது இருக்கீங்களா?

—

அக்கா, நான் முத்தியால்பேட்டை. கம்பி வச்சுப் பார்த்திருக்கேன். மெல்லிசான அலுமினியக் கம்பியை இளம் துளிர்ல தளர்வாச் சுத்தி, வாரத்துக்குக் கொஞ்சமா வளைக்கணும். தண்டு பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே பதிஞ்சுடும், தழும்பு போகவே போகாது. பதியறதுக்கு முன்னாடி கழட்டி மறுபடி சுத்துங்க.

இன்னொண்ணு, கொசு. 2001ல தண்ணியில வச்சுக் கப்பல்ல வந்த லக்கி பேம்பூவோடதான் டெங்கு பரப்புற ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு கலிபோர்னியாவுக்குப் போச்சு. போன மழைக்காலத்துல எங்க வீட்லயே என் பொண்ணுக்கு டெங்கு. அப்புறம்தான் செடிக் குப்பியை டார்ச் அடிச்சுப் பார்த்தேன், புழு நெளியுது. டெங்கு எங்கிருந்து வந்ததுன்னு உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா அந்தக் குப்பியைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. தண்ணி மாத்தினா மட்டும் போதாது. முட்டை குப்பியோட உள்சுவர்ல ஒட்டிக்கிட்டு, காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். வாரம் ஒருதரம் நார் போட்டுத் தேய்ச்சுடுங்க.

—

தம்பி, பொண்ணு இப்போ நல்லா இருக்காளா? மழைத்தண்ணி வீணாகுமேன்னு நான் 3 வாரத்துக்கு ஒருதரம்தான் மாத்திட்டு இருந்தேன். இப்பவே எல்லாக் குப்பியையும் எடுத்துத் தேய்க்கப் போறேன்.