ஆன்டெனா இனி எதற்கு? ஆஸ்திரேலிய இலவச டிவி பற்றி ஒரு வழக்கு

வென்ட்வர்த்வில் வாசி:

வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற ஆள் வந்திருந்தார். ஆன்டெனாவைக் கழற்றிக் கீழே வைத்தவர், வேலை முடிந்ததும் "திரும்ப மாட்டவா?" என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். டிவி ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் 1998-ல் சிட்னிக்கு வந்தபோது ஏபிசி, எஸ்பிஎஸ், செவன், நைன், டென் என்று ஐந்தே சேனல். ஐந்தில் ஒன்றிலாவது உட்கார்ந்து பார்க்கும்படி ஏதாவது இருக்கும். இன்றைக்கு எண்ணினால் இருபதுக்கு மேல் வருகிறது, பார்க்கத்தான் ஒன்றுமில்லை. ஞாயிறு தொடங்கி வாரத்தில் நான்கு நாள் இரவு ஏழு ஏழரைக்கு ஒரே நிகழ்ச்சி. வருடம் பிறந்ததும் சேனல் நைனில் 'மேரிட் அட் ஃபர்ஸ்ட் சைட்'. நம் பாட்டி தாத்தாவும் மணவறையில்தான் முதல் தடவை முகம் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு போட்ட சண்டையை அவர்கள் ஊருக்கு ஒளிபரப்பவில்லை. இவர்கள் செய்துகொள்வது சட்டப்படி கல்யாணமும் இல்லை! அது ஓய்ந்து சில மாதம் போனால் வீடு புதுப்பிக்கும் போட்டி 'தி பிளாக்'. ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுவதை வாரம் முழுக்க இழுப்பார்கள்.

மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை முதன்மைச் சேனலில் மணிக்குச் சராசரியாக 13 நிமிடம் விளம்பரம் போடலாம் என்பது செவன், நைன், டென் ஆகிய வணிகச் சேனல்களின் விதி. மீதி 47 நிமிடமாவது நிகழ்ச்சியா என்றால் அதுவும் கிடையாது. விளம்பரத்துக்கு முன்னால் 'இனி வரப்போவது', விளம்பரம் முடிந்ததும் 'இதுவரை நடந்தது'. புளி கரைத்த தண்ணீரையே திரும்பத் திரும்பக் கரைக்கிற மாதிரி.

இப்போது ஜனவரி. ரேட்டிங் போட்டி வருடத்துக்கு 40 வாரம்தான். போட்டிக் கணக்கில் சேராத இந்தக் கோடை வாரங்களில் நமக்கு வைப்பது பழைய சோறு. ஆன்டெனாவைத் திரும்ப மாட்ட யாராவது எனக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

ரிமோட் ராணி:

அண்ணா, மூன்று கடையில் சாப்பிட்டுவிட்டு ஊரிலேயே நல்ல சாப்பாடு இல்லை என்கிறீர்கள். ரிமோட்டில் 2-ஐ அழுத்தினால் அரசு நிதியில் நடக்கும் ஏபிசி, தெரியாதா? அதில் விளம்பரம் ஒரு நிமிடம்கூட இல்லை. புலனாய்வு நிகழ்ச்சி 'ஃபோர் கார்னர்ஸ்' 1961 முதல் ஓடுகிறது. அரசு விசாரணைக் கமிஷன் அமைக்கும் அளவுக்கு அதன் செய்திகள் போயிருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கான 'பிளே ஸ்கூல்' 1966 முதல். பிரிஸ்பேனில் செய்து 2018-ல் ஏபிசி கிட்ஸில் தொடங்கிய 'ப்ளூயி' கார்ட்டூன் இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது. ஏழே நிமிடத்தில் ஒரு கதை. அப்பா நாய் பிள்ளைகளோடு விளையாடுவதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு அப்பாவும் கொஞ்சம் திருந்தினார்.

என் மாமியாருக்கு 79 வயது. அவரிடம் பாஸ்வேர்டு, லாகின், ஆப் அப்டேட் என்றெல்லாம் பேச முடியாது. 2-ஐ அழுத்தினால் செய்தி, 3-ஐ அழுத்தினால் எஸ்பிஎஸ். மாதச் சந்தா கிடையாது. ஆன்டெனா அவரைப் போன்றவர்களுக்கு.

வென்ட்வர்த்வில் வாசி:

சகோதரி, ஏபிசியில் நல்லது இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏபிசியை இணையத்தில் பார்க்கும் ஐவியூ 2008-லேயே வந்துவிட்டது. 'ஃபோர் கார்னர்ஸ்' பார்க்கக் கூரையில் கம்பி எதற்கு? நீங்கள் சொல்கிற நல்லதெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆன்டெனாவில் மட்டும் கிடைப்பது என்ன, அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ஏபிசியும் 2025-ல் 'கியூ அண்ட் ஏ'யை மூடியது. 2008-ல் தொடங்கியது. அரசியல்வாதியை உட்காரவைத்துச் சாதாரண ஆள் கேள்வி கேட்கிற ஒரே இடம். அதே 2025 ஜூன் மாதம் சேனல் டென்னில் செய்தி அலசல் நிகழ்ச்சி 'தி புராஜெக்ட்'டும் போய்விட்டது, 2009 முதல் ஓடியது. மூடுவதில் மட்டும் ஒற்றுமை.

ரிமோட் ராணி:

'கியூ அண்ட் ஏ' கடைசி சில வருடம் யார் பார்த்தார்கள்? நீங்களே பார்த்திருக்க மாட்டீர்கள். எடுத்த பிறகு அழுவது எளிது.

மில்டுரா தோட்டக்காரன்:

"கூரையில் கம்பி எதற்கு" என்று சிட்னியில் உட்கார்ந்து கேட்பது சுலபம்.

எங்கள் ஊர் மில்டுரா. திராட்சை, பாதாம், ஆரஞ்சு. இந்த நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பை முதலில் நிறுத்திப் பார்த்தது எங்கள் பகுதியில்தான், 2010 ஜூன் 30. டிஜிட்டல் வந்தால் சேனல் பெருகும் என்றார்கள், பெருகியது. சரியாகப் பதினான்கு வருடம் கழித்து, 2024 ஜூன் 30 அன்று, சேனல் டென் ஒளிபரப்பு எங்கள் ஊரில் நின்றது. கட்டுப்படியாகவில்லையாம். ஆன்டெனா கூரையில் அப்படியே இருக்கிறது, அதில் டென் மட்டும் வராது. வேண்டுமானால் ஆப்பில் பாருங்கள் என்றார்கள்.

ஊரை விட்டு இருபது கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் எங்கள் இணையத்தில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் வேண்டாம் என்று கழற்றி வைத்ததை எங்களிடமிருந்து பிடுங்கினார்கள். நகரத்தில் எல்லோரும் உங்களைப் போலக் கழற்றிவிட்டால், நாளைக்கு "யாரும் பார்க்கவில்லை" என்று இன்னொரு ஊரில் இன்னொரு கோபுரம் அணையும். அதனால் இதை உங்கள் வீட்டு விஷயம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வென்ட்வர்த்வில் வாசி:

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோசமான நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் மில்டுராவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்தத் தியாகத்துக்கு எனக்குத் தெம்பு இல்லை.

தயிர்சாதம்:

"நமக்கு வைப்பது பழைய சோறு" என்று எழுதியதற்கு என் கண்டனம்.

2021, சேனல் டென்னின் சமையல் போட்டி மாஸ்டர்செஃப், இறுதிச் சுற்று. மெல்பேர்னைச் சேர்ந்த கிஷ்வர் சவுத்ரி, வங்கதேசக் குடும்பம். நடுவர்கள் முன்னால் அவர் வைத்தது புகை போட்ட நீர்ச்சோறு, உருளைக்கிழங்கு மசியல், மத்தி மீன். பாந்தா பாத் என்பார்கள். அதாவது நம் பழைய சோறுதான் ஐயா. இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை ஆஸ்திரேலியாவில் பிரைம் டைமில் வெள்ளைத் தட்டில் வைத்து மூன்று நடுவர்கள் ரசித்துச் சாப்பிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். பள்ளியில் என் டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டவர்களை அன்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மூன்று வருடம் முன்னால், 2018-ல் ஜெயித்தவர் சசி செல்லையா. சிங்கப்பூரில் பிறந்தவர், அடிலெய்டில் சிறைக் காவலராக இருந்தவர். இலவச டிவியில் நடந்ததால்தான் இதை என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியும் பார்த்தார், மறுநாள் வேலி ஓரம் நின்று கறிவேப்பிலை கேட்டார். சந்தா கட்டிப் பார்க்கும் ஆப்பில் அவரவர் விருப்பத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்கள், வேலி ஓரம் பேச்சு வராது.

வென்ட்வர்த்வில் வாசி:

நல்ல சோறுதான், தம்பி. அந்த ஒரு தட்டுக்கு வர ஐம்பது அறுபது எபிசோடு உட்கார வேண்டுமா? அதுவும் முடிவைச் சொல்கிற நேரத்தில் விளம்பரம்.

மூன்றாம் ஸ்லிப்:

எல்லோரும் சோறு, கல்யாணம் என்று பேசுகிறீர்கள். கிரிக்கெட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

1977-ல் கெர்ரி பேக்கர் தன் சேனல் நைனுக்காக உலகக் கிரிக்கெட்டையே உடைத்துப் போட்டார். வண்ண உடை, இரவு ஆட்டம் எல்லாம் டிவிக்காக வந்தவைதான். 2018 வரை கோடை என்றால் நைன், காசு கிடையாது. அந்த வருடம் உரிமை கைமாறியது. டெஸ்டும் உள்ளூர் டி20 போட்டியான பிக் பாஷும் செவனுக்கு வந்தன. இங்கே நடக்கும் ஆண்கள் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள் கட்டணச் சேவைகளான ஃபாக்ஸ், கயோ பக்கம் போய்விட்டன. இந்தியா வந்து ஒருநாள் தொடர் ஆடினால் சந்தா கட்டினால்தான் உண்டு. முக்கியமான ஆட்டங்களைக் கட்டணச் சேனல் முதலில் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க அரசுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது கட்டணச் சேனலின் கையைக் கட்டுமே தவிர, இலவசச் சேனல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

ஆனாலும் விளையாட்டுதான் இலவச டிவிக்கு உயிர். 2023 ஆகஸ்ட் 16, மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் நம் மெட்டில்டாஸ் அணியின் அரையிறுதி. சேனல் செவனில் சராசரி 71 லட்சம் பேர் பார்த்தார்கள். 2001-ல் இப்போதைய கணக்கெடுப்பு முறை வந்த பிறகு எதற்கும் அவ்வளவு பேர் இல்லை. இங்கிலாந்திடம் 3-1 என்று தோற்றோம், அது வேறு. சாம் கெர் அடித்த அந்த ஒரு கோலுக்குத் தெருவே கத்தியது.

வென்ட்வர்த்வில் வாசி:

விளையாட்டு என்றதும்தான் என் உண்மையான கோபம் வருகிறது. ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகனுக்கு அப்போது பத்து வயது. "அப்பா, இவர்கள் ஜெயித்தால் ஒரு டாலருக்கு மூன்று டாலர்" என்றான். ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டேன், தெரியவில்லை.

2018 முதல் நேரடி ஆட்டத்தின்போது காலை ஐந்திலிருந்து இரவு எட்டரை வரை சூதாட்ட விளம்பரம் கூடாது. எட்டரைக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று யார் சொன்னது? கடைசிப் பந்துவரை பார்ப்பார்கள். 2023-ல் பீட்டா மர்ஃபி தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்து, மூன்று வருடத்தில் படிப்படியாக முழுத் தடை கொண்டுவரச் சொன்னது. அந்த அம்மையார் அந்த வருடக் கடைசியிலேயே புற்றுநோயில் இறந்துவிட்டார். வணிகச் சேனல்கள் அந்தக் காசு போனால் தாக்குப்பிடிக்க முடியாது என்கின்றன. சூதாட்டக்காரன் காசில் வருகிற டிவிக்கு இலவசம் என்று பெயரா?

ரிமோட் ராணி:

இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு வணிகச் சேனல்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு 260 மணி நேரம் சிறுவர் நிகழ்ச்சி, 130 மணி நேரம் பாலர் நிகழ்ச்சி போட்டே ஆக வேண்டும். 2021 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. பொது அலைவரிசையை அரசிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

ஆனால் என் முடிவு வேறு, அண்ணா. கழற்றுவதால் அவர்களுக்கு ஒன்றும் உறைக்காது. பார்க்கிறவர்கள்தான் புகார் எழுத முடியும். நான் எழுதுகிறேன்.

மூன்றாம் ஸ்லிப்:

பதில் வருகிறதா?

ரிமோட் ராணி:

வருகிறது. ஒரே மாதிரி வருகிறது.

தயிர்சாதம்:

'நெய்பர்ஸ்' போனதற்கு இங்கே ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையா? 1985-ல் செவன் தொடங்கி அந்த வருடமே கைவிட்டது, டென் எடுத்து வளர்த்தது. 2022-ல் முடித்தார்கள், அமேசான் எழுப்பியது, 2025 டிசம்பரில் மறுபடியும் முடிந்தது. இரண்டு தடவை கருமாதி செய்த ஒரே சீரியல் இதுவாகத்தான் இருக்கும்.

வென்ட்வர்த்வில் வாசி:

எனக்கு வருத்தம் எஸ்பிஎஸ் மேல்தான், நெய்பர்ஸ் இல்லை. 1980-ல் புலம்பெயர்ந்தவர்களுக்காகத் தொடங்கிய டிவி. 2006 முதல் நிகழ்ச்சியை நடுவில் வெட்டி விளம்பரம் போடுகிறார்கள். சட்டப்படி மணிக்கு ஐந்து நிமிடம்தான். 2015-ல் அதைத் தளர்த்திப் பிரைம் டைமில் கூட்டப் பார்த்தார்கள், செனட் தடுத்தது.

என் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தபோது எஸ்பிஎஸ்ஸில் 'இன்ஸ்பெக்டர் ரெக்ஸ்' போடுவார்கள். வியன்னா போலீஸ் நாய். பேச்சு ஜெர்மன், கீழே ஆங்கில எழுத்து. அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. ஆனால் அது வந்தால் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். "கெட்டவன் யார்னு நாய்க்கே தெரியுது, எனக்குத் தெரியாதா?" என்பார். அந்த நாய் யார் கையிலாவது இருக்கும் ரொட்டியைத் திருடித் தின்னும்போது அம்மா சிரிக்கிற சிரிப்பு சமையலறை வரை கேட்கும். அந்த மாதிரி தற்செயலாக ஒன்றில் போய் விழுவது இப்போது இல்லை. ஆப்பில் நான் ஏற்கெனவே பார்த்தது மாதிரியேதான் அது திரும்பக் காட்டுகிறது.

மில்டுரா தோட்டக்காரன்:

ஐயா, நீங்கள் இப்போது எழுதியது ஆன்டெனாவுக்கு ஆதரவாகத்தான் இருக்கிறது.

வென்ட்வர்த்வில் வாசி:

1998-ஆம் வருட ஆன்டெனாவுக்கு.

ரிமோட் ராணி:

எஸ்பிஎஸ் இன்னும் அதைத்தான் செய்கிறது. டேனிஷ், கொரியன், ஐஸ்லாந்து என்று எதிலாவது போய் விழலாம். 2012 டிசம்பரிலிருந்து பூர்வகுடிகளின் என்ஐடிவியும் எல்லா வீட்டுக்கும் இலவசமாக வருகிறது. உங்கள் பிள்ளைகளை ஒருநாள் அதில் உட்காரவையுங்கள், பள்ளிப் பாடத்தில் இல்லாதது கிடைக்கும். தேடினால்தான் தற்செயலும் கிடைக்கும், அண்ணா.

மூன்றாம் ஸ்லிப்:

இதெல்லாம் இருக்கட்டும். சிட்னி டெஸ்டை எங்கே பார்க்கிறீர்கள்?

வென்ட்வர்த்வில் வாசி:

செவன்பிளஸ் ஆப்பில். 2024 கோடையிலிருந்து அதில் டெஸ்ட் நேரலையாகக் காட்டுகிறார்கள். இலவசம். ஆன்டெனா இல்லாமலே, கவனியுங்கள்.

மூன்றாம் ஸ்லிப்:

தடங்கல் இல்லாமல் வருகிறதா?

வென்ட்வர்த்வில் வாசி:

படம் அருமையாக இருக்கிறது. ஒரே ஒரு சங்கடம். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஆன்டெனாவில்தான் பார்க்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது. அவர் "அவுட்!" என்று கத்தி முடித்த பிறகுதான் என் வீட்டில் பவுலர் ஓடி வர ஆரம்பிக்கிறார். காலையிலிருந்து நான்கு விக்கெட், நான்கும் இப்படியே. மகன் இப்போது அவர் வீட்டில் இருக்கிறான்.

கூரைக்காரருக்கு போன் செய்தேன். ஆன்டெனாவைத் திரும்ப மாட்ட வருவதற்குத் தனிக் கூலியாம்.