ஈபாக் என்றால் என்ன? 2000 படத்துக்கு 63 என்று காட்டுகிறது, பயிற்சியும் பாதியில் நிற்கிறது

முதுநகர்_மாணவி:
வணக்கம். படத்தைப் பார்த்து மீன் வகையைக் கண்டுபிடிக்கும் மாடல், கெராஸ் என்ற பைத்தான் நூலகத்தில் செய்கிறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எடுத்த 2000 படங்கள், பேட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு மாடலுக்குள் போகும் படங்கள்) 32, ஈபாக்ஸ் 50. ஓடவிட்டால் 63/63 என்று காட்டியது. மீதிப் படங்கள் போகவில்லையோ என்று ஸ்டெப்ஸ்_பெர்_ஈபாக் (ஒரு ஈபாக்குக்கு எத்தனை ஸ்டெப்) 2000 போட்டேன். இப்போது டேட்டா தீர்ந்துவிட்டதாக எச்சரித்து, முதல் ஈபாக்கிலேயே நின்றுவிடுகிறது. அகராதியில் ஈபாக் என்றால் சகாப்தம் என்றிருக்கிறது. இங்கே என்ன பொருள்?

புதுவை_நிரலர்:
சகாப்தத்தை விடுங்கள். பயிற்சிக்கு வைத்த படங்கள் எல்லாம் ஒருமுறை மாடலுக்குள் போய்வந்தால் ஒரு ஈபாக். ஒரு சுற்று, அவ்வளவுதான். 63 என்பது பேட்ச் கணக்கு. 2000-ஐ 32-ஆல் வகுத்தால் 62.5. 62 பேட்ச் முழுசாகவும், கடைசி பேட்ச் 16 படங்களோடும் போகும். ஒரு படமும் விடுபடவில்லை. ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் வெயிட்கள் (மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள்) ஒருமுறை திருத்தப்படும்; அதுதான் ஸ்டெப்.

2000 ஸ்டெப் என்றால் ஒரு சுற்றுக்கே 64,000 படங்கள் வேண்டும். இருக்கிற 63 பேட்ச் தீர்ந்ததும் கெராஸ் நிறுத்திவிடுகிறது. ஸ்டெப்ஸ்_பெர்_ஈபாக் வரியையே எடுத்துவிடுங்கள். டேட்டாசெட்டில் ரிப்பீட் (படங்களை முடிவில்லாமல் திரும்பத் திரும்பத் தருவது) போட்டிருந்தால் மட்டும் 63 என்று கொடுங்கள், அப்போது கொடுக்காவிட்டால் முதல் ஈபாக் முடியவே முடியாது.

முதுநகர்_மாணவி:
எடுத்ததும் ஓடுகிறது, ரொம்ப நன்றிங்க. ஆனால் 9-வது ஈபாக்குக்குப் பிறகு ட்ரெயினிங் லாஸ் (பயிற்சிப் படங்களில் வரும் பிழையளவு) இறங்குகிறது, வேலிடேஷன் லாஸ் (பயிற்சியில் சேராத சரிபார்ப்புப் படங்களில் வரும் பிழையளவு) ஏறுகிறது. ஈபாக்கைக் கூட்டலாமா?

தரவு_வலை:
கூட்டவே கூடாது. மாடல் படங்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டது. 50-ஐ உச்சவரம்பாக வைத்து ஏர்லிஸ்டாப்பிங் (முன்னேற்றம் நின்றால் பயிற்சியைத் தானே நிறுத்துவது) சேருங்கள்: மானிட்டர் வேல்_லாஸ் (கவனிக்க வேண்டியது வேலிடேஷன் லாஸ்), பேஷன்ஸ் 5 (முன்னேற்றம் இல்லாமல் 5 ஈபாக் பொறுத்துப் பார்ப்பது), ரீஸ்டோர்_பெஸ்ட்_வெயிட்ஸ் ட்ரூ (சிறந்த சுற்றின் வெயிட்களுக்குத் திரும்புவது). கடைசியாகச் சொன்னதை மறந்தால், 9-வது சுற்றின் நல்ல வெயிட்களுக்குப் பதில் 14-வதின் வெயிட்கள்தான் கையில் நிற்கும்.

படங்களைப் பிரித்த விதத்தையும் பாருங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே கூடையை அடுத்தடுத்து எடுத்த படங்கள் ட்ரெயினிங்கிலும் வேலிடேஷனிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். எடுத்த நாள் வாரியாகப் பிரியுங்கள்; கடைசிச் சோதனைக்குப் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகப் படங்கள் தனியே இருக்கட்டும். ஆக்மென்டேஷனில் (பயிற்சிப் படங்களைச் சற்று மாற்றிப் பெருக்குவதில்) இடவலம் திருப்பலாம். வெளிச்சத்தை அதிகம் மாற்றினால் வெள்ளை வவ்வால் மீனும் கருப்பு வவ்வால் மீனும் குழம்பும்.

புதுவை_நிரலர்:
பேட்சை 64 ஆக்கினால் ஒரு ஈபாக்குக்கு 32 ஸ்டெப்தான். அதே 50 ஈபாக்கில் திருத்தங்கள் 3150-இலிருந்து 1600 ஆகிவிடும். லேர்னிங் ரேட் ஷெட்யூலில் (ஒவ்வொரு திருத்தத்தின் அளவைப் போகப்போகக் குறைக்கும் அமைப்பில்) டிகே_ஸ்டெப்ஸ் (எத்தனை ஸ்டெப்பில் குறைப்பது) கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், அது ஸ்டெப் கணக்கு.